நாய்ப் படிப்புக்கு ஓர் அந்நியர் தேவை

நாய்க்கு முன்னால் நின்று கொட்டாவி விடுவதற்கு நான் காசு கட்டிப் படித்தவள். இதைச் சொன்னால் எங்கள் ஒழுங்கையில் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வெளிநாட்டு மிஸ் ஒருவர் போனுக்குள் இருந்து சொல்லித்தந்த படிப்பு அது. நாய் கலவரப்படும்போது அதன் முகத்தைப் பார்க்காமல் தலையைத் திருப்பி, ஆறுதலாக ஒரு கொட்டாவி விட்டால், நமக்கு அதோடு சண்டை ஒன்றும் இல்லை என்று அதற்கு விளங்குமாம். நான் விட்டேன். நாய் என்னைப் பார்த்துத் தானும் விட்டது. குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார். கண்ணில் தண்ணீர் வர ஒரு பெரிய கொட்டாவி விட்டார். "இந்த வீட்டில ஆருக்கும் வேலையில்ல எண்டு சனம் கதைக்கப்போகுது" என்று சொல்லிவிட்டு மீனுக்குத் திரும்பினார்.

நாங்கள் இருப்பது தன்னாமுனையில், பெரிய ரோட்டிலிருந்து வாவிக்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில். வீடு என் பெயரில்தான். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்கு எழுதுவார்கள், மாப்பிள்ளை வந்து சேருவார். எனக்கு வந்து சேர்ந்தவர் சில வருடம் இருந்துவிட்டுக் கட்டாருக்குப் போனார். போனவருக்கு இடையில் ஒருமுறை வந்துபோகக்கூட வாய்க்கவில்லை. வீட்டில் நானும் அம்மாவும்தான். நான் விறாந்தையில் மெசின் போட்டுப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். அம்மா சமைக்கிறார், பிறகு தான் சமைத்ததையே குறை சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறார்.

அவர் கட்டாருக்குப் போன அதே வருடத்து மாரியில் வாவி பெருகி ஒழுங்கைக்குள் வந்தது. அப்போது மதகுக் கட்டின் மேல் ஒதுங்கி நின்ற குட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். மண்ணிறப் பெட்டை, ஒரு காது மட்டும் நிமிரும். பெயர் வைத்தேன். அம்மா ஒருநாளும் அந்தப் பெயரால் கூப்பிடவில்லை, 'மூதேவி' என்றுதான் கூப்பிடுவார். பெயரை மகிழ்ச்சியான குரலில் சொல்லிப் பழக்க வேண்டும் என்று பிற்பாடு படிப்பில் வந்தபோது அம்மாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து அம்மா பிள்ளையைத் தாலாட்டுகிற குரலில் "மூதேவீ... என்ட மூதேவீ..." என்று அழைக்க ஆரம்பித்தார். அதுவும் வாலை ஆட்டிக்கொண்டு பறந்துவரும். நான் வைத்த பெயருக்கு அது திரும்பிப் பார்ப்பதோடு சரி.

பெண்கள் யார் வந்தாலும் அதற்குப் பிரச்சினை இல்லை. அளவு கொடுக்க வருகிறவர்களின் காலடியில் படுத்துத் தூங்கும். ஆம்பிளை வாடை பட்டால்தான் ஆட்டம். கேற்றுக்கு வெளியே ஓர் ஆணின் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், முதுகு மயிர் எழும்பிவிடும், மதில் அதிரக் குரைக்கும். மீற்றர் வாசிக்க வரும் தம்பி ரோட்டில் நின்றபடியே கூப்பிடுவார். நான் மீற்றரைப் போனில் படம் எடுத்துப்போய் மதிலுக்கு மேலால் காட்டுவேன். என் கூடப்பிறந்த அண்ணன், பக்கத்து ஒழுங்கைக்காரர், எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடிப்பதென்றால் கேற்றுக்கு வெளியே நின்றுதான் குடிப்பார். இதெல்லாம் எனக்குப் பழகிப்போயிருந்தது. இரண்டு பெண்கள் தனியே இருக்கிற வீடு, நாய் அப்படி இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் கட்டாரிலிருந்து அவர் போன் எடுத்தார்.

"இஞ்ச, இன்னும் அஞ்சாறு மாசத்தில நான் ஒரேயடியா வாறன். இனித் திரும்பிப் போறல்ல."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெசினில் இருந்த துணியை எடுத்து முகத்தைத் துடைத்தேன். அது யாரோ ஒரு பிள்ளையின் வெள்ளைச் சட்டை. அவர் பிறகு சொன்னது பாதி காதில் ஏறவில்லை. ஏறியது இதுதான்:

"நாயை மட்டும் அண்ணன்ட வட்டையில விட்டிரு."

அவருக்கு நாய் என்றால் உயிர் போகும் பயம். சின்ன வயதில் கடி வாங்கி, தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டவர். வீடியோவில் எங்கள் நாய் குரைக்கிற குரைப்பைப் பார்த்தே, கட்டாரில் இருந்துகொண்டு காலைக் கட்டிலுக்கு மேலே தூக்கிவைக்கிற ஆள். அண்ணனின் வயல் வட்டையோ உன்னிச்சைப் பக்கம். வயல் நடுவே வாடி ஒன்று போட்டுக் காவல் இருக்கிறார். இரவில் யானை இறங்குகிற இடம். காவலுக்கென்று அங்கே கொண்டுபோன நாய்களின் கதைகளை அண்ணன் வாயாலேயே கேட்டிருக்கிறேன். ஒரு கதையும் நன்றாக முடியவில்லை. சோற்றுக்குள் முள் கிடந்தால் என்னைக் கூப்பிட்டு எடுத்துத் தரச் சொல்லுகிற நாய் எங்களுடையது, அது யானைக்கு முன்னால் போய் என்ன செய்யும்?

"வந்து ஒரு கிழமை எனக்குத் தாங்க" என்றேன். "அதுக்குள்ள அது உங்கள வீட்டுக்குள்ள விடல்லண்டா, நானே கயிறைப் புடிச்சு அண்ணன்ட கையில குடுக்கன்."

"ஒரு கிழமை எண்டா ஒரு கிழமைதான்" என்றார். நான் போனை வைத்த கையோடு, நாய் ஆம்பிளைகளைக் கடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று தேடத் தொடங்கினேன். தேடிப் போய் விழுந்த இடம்தான் இந்தப் படிப்பு. வீட்டில் இருந்தே படிக்கலாம், வீடியோக்கள் உண்டு, பயிற்சிகளைப் படம் பிடித்து அனுப்பினால் மிஸ் பார்த்துக் கருத்து எழுதுவார், முடிவில் சான்றிதழ். எல்லாம் இங்கிலீசில். ஓ எல் சோதனையில் இங்கிலீசை எட்டிப்பிடித்துப் பாஸ் பண்ணியவள் நான். வீடியோவை நிறுத்தி நிறுத்தி, கீழே ஓடுகிற எழுத்தை வாய்விட்டு வாசித்து, விளங்காத சொல்லைத் தேடிப் பார்த்துப் படித்தேன்.

மிஸ்ஸின் வீட்டில் கம்பளம் இருந்தது, சோபா இருந்தது. அந்த நாயின் கட்டில் என் கட்டிலைவிடப் பஞ்சாக இருந்தது. நாய் ஒன்றைச் சரியாகச் செய்தால் உடனே ஒரு துண்டு சீஸ் கொடுக்கச் சொன்னார். நான் நாய்க்குச் சீஸ் கொடுத்தால் அம்மா என்னை வட்டைக்கு அனுப்பிவிடுவார். அதனால் இறால் தலை அவித்தேன். அவித்ததை இடுப்பில் வைத்துக்கொள்ள ஒரு பை வேண்டும் என்றது பாடம். சீருடைத் துணி மிச்சத்தில், சுருக்குக் கயிறு வைத்து, அருமையான ஒரு பை தைத்தேன். இரண்டே நாளில் பை நாறியது, நானும் நாறினேன். அளவு கொடுக்க வந்த ஒரு ரீச்சர் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, "வாவிக் காத்து இண்டைக்கு ஒரு மாதிரி" என்றார். நான் ஓம் என்று தலையாட்டிக்கொண்டு அவரின் இடுப்பளவை எடுத்தேன்.

பிறகு அழைப்பு மணிப் பாடம். மணி அடித்தால் நாய் ஓடிப்போய்க் குரைக்காமல் தன் பாயில் போய்ப் படுக்கப் பழக்குவது. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் மணி இருக்கிறது? வருகிறவர் கேற்றுக் கொழுக்கியைத் தட்டுவார், "உள்ள ஆரும் இருக்கீங்களா?" என்று கத்துவார். ஆகவே அம்மாவை வெளியே நிறுத்தித் தட்டச் சொன்னேன். அம்மா நன்றாகத் தட்டினார். ஆனால் அம்மா தட்டுவது நாய்க்குத் தெரிகிறதே. "ஆம்பிள மாதிரித் தட்டுங்க அம்மா" என்றேன். அம்மா தொண்டையைச் செருமி, அப்பா காலத்துக் குரல் ஒன்றை எடுத்து, "கரண்ட் பில்லு!" என்று போட்ட அதட்டலில் நாய் குரைக்க மறந்துபோனது. எதிர்வீட்டுக்காரி மட்டும் காசோடு வெளியே வந்துவிட்டார்.

படிக்கப் படிக்க எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடமும் என்னை இப்படிப் பிடித்ததில்லை. உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்புவது, நிலத்தை மோப்பம் பிடிப்பது, எல்லாம் நாயின் பேச்சு என்று தெரிந்த பிறகு பார்க்கிற இடமெல்லாம் பேச்சாக இருந்தது. நாயோடு நிற்கவும் இல்லை. ஒரு கலியாண வீட்டில் மாப்பிள்ளை உதட்டை நக்கி நக்கி ஐயரைப் பார்க்காமல் தலையைத் திருப்பினார். "பாவம், சரியான பதட்டத்தில இருக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். வங்கியில் மனேஜர் கொட்டாவி விட்டார். 'எனக்கும் உங்களோடு சண்டை இல்லை சேர்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பதிலுக்கு நானும் விட்டேன். அண்ணன் கேற்றுக்கு வெளியே தேத்தண்ணிக் கோப்பையோடு, "என்னகா, படிப்பு எந்தளவில?" என்று கேட்டுவிட்டு மண்ணைக் காலால் கிளறினார். தங்கச்சிக்கு மூளை குழம்பிவிட்டதோ என்ற பயத்தில் கிளறுகிறார் என்று எனக்கு உடனே விளங்கியது.

கடைசிப் பயிற்சி வந்தது. நாய்க்கு முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்கு வர வேண்டும், நாய் அமைதியாக அவரை வரவேற்க வேண்டும், அதைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அந்நியர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று மிஸ் சர்வசாதாரணமாகச் சொன்னார். எங்கள் ஒழுங்கையில் அந்நியருக்கு எங்கே போவது? ஏறாவூரிலிருந்து சைக்கிளில் துணி கொண்டுவரும் வியாபாரி நானாவைக்கூட நாய் நன்றாக அறியும், அறிந்துதான் குரைக்கிறது. யோசித்துப் பார்த்தேன். இந்த நாய் கண்ணால் காணாத, மோப்பம் பிடிக்காத ஆண் ஒருவர்தான் எனக்குக் கைவசம் இருந்தார். அவர்தான் எனக்குத் தாலி கட்டியவர்.

அவர் வரும் வரைக்கும் வீடியோக் கோலில் அவருக்கும் வகுப்பு நடத்தினேன். வந்து நிற்கும்போது நாயை நேரே பார்க்கக்கூடாது. பக்கவாட்டாகத் திரும்பி, குந்தி இருந்து, உடம்பைச் சிறிதாக்கி, இறாலை வைத்த கையை நிலத்தோடு நீட்ட வேண்டும். மிஸ்ஸின் வீடியோவில் அப்படித்தான் செய்தார்கள். அவர் கட்டார் அறையில், இரண்டு கட்டில்களுக்கு நடுவே, குந்தி இருந்து பழகினார். அறையில் கூட இருந்தவர்கள் மேல் கட்டிலில் இருந்து கைதட்டினார்கள். ஒருவர் நாயாக நடிக்க இறங்கி, இவரின் முழங்காலை மணந்துபார்த்தார். இவர் பயந்து பின்னால் விழுந்தார். நான் சிரித்துச் சிரித்து வயிறு நொந்து போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

அதற்கு முந்திய நாட்களில் நாங்கள் போனில் கதைத்ததெல்லாம் சாப்பிட்டீங்களா, மழையா, காசு வந்ததா, இவ்வளவுதான். கதைக்க ஒன்றும் இல்லாமல் இரண்டு பேரும் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்போம், பிறகு சரி வைக்கிறேன் என்று வைப்போம். இப்போது அவர் தானாகவே எடுத்தார். "இஞ்ச பார், இண்டைக்கு நல்லாக் குந்துறன்" என்று காட்டினார். எனக்கு அவர் மேல் புதிதாக ஓர் ஆசை வந்தது. இந்த வயதில் சொல்ல வெட்கம்தான், ஆனால் வந்தது.

வந்த நாள் பகலில், ஓட்டோ எங்கள் கேற்றடியில் வந்து நின்றது. ஒழுங்கைச் சனம் முழுக்க வேலியோடு நின்றது. அண்ணன் ஒரு பக்கம் நின்றார், தோளில் கயிறு. "சும்மா கொண்டந்த நான்" என்றார். நான் போனில் படம் பிடிக்கத் தொடங்கி, கேற்றைத் திறந்தேன். நாய் முற்றத்தில் நின்று உறுமியது, ஆனால் பாய்வதற்கு நினைக்கவில்லை. பாடமெல்லாம் வேலை செய்கிறது என்று என் மனம் துள்ளியது.

அவர் இறங்கினார். மெலிந்திருந்தார், தலை முன்பக்கம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு, பழகியது பழகியபடியே, பக்கவாட்டாகத் திரும்பினார், குந்தினார், கையை நிலத்துக்குக் கொண்டுபோனார்.

நாய் பாய்ந்தது. அப்படி ஒரு பாய்ச்சலை அது பாய்ந்து நான் கண்டதில்லை. அவர் எப்படி ஓட்டோவுக்குள் ஏறினார் என்று இன்றைக்கும் அவருக்கே தெரியாது. நாயின் வாயில் அவரின் களிசான் துண்டு ஒன்று இருந்தது. நல்லகாலம், உள்ளே கால் இல்லை. இறால் மண்ணில் கிடந்தது. ஓட்டோக்காரர் யாரையும் கேட்காமல் ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போய்விட்டார்.

கட்டாரில் இருந்து வந்த மனிசன் அன்றைக்குத் தன் சொந்த மனைவியின் வீட்டில் படுக்கவில்லை, அண்ணன் வீட்டில் படுத்தார். கொண்டுவந்த சொக்லேட் முழுக்க அண்ணன் வீட்டில் பிரிபட்டது. அம்மா மருமகனுக்கென்று சமைத்த நண்டுக் கறியைச் சட்டியோடு அங்கே அனுப்பினார். "சனிக்கிழமை வட்டைக்குப் போறன். அப்ப கொண்டு போறன் இத" என்று அண்ணன் சொன்னார். அவர் சொன்னதில் பிழை இல்லை. பேச்சு ஒரு கிழமைக்குத்தான். எனக்கு மிஸ் மேல் வந்த கோபத்துக்கு, இங்கிலீஸ் மட்டும் ஒழுங்காக வந்திருந்தால் அவருக்கு நான்கு வார்த்தை எழுதியிருப்பேன்.

மறுநாள் காலை அண்ணன் வீட்டுக்குப் போக வெளிக்கிட்டேன். ஒழுங்கை நடுவில் செருப்பு வார் கழன்றது. குனிந்தேன். எதிர்வீட்டு மதிலடியில் சும்மா படுத்திருந்த இரண்டு நாய்கள் வாலைக் காலுக்குள் செருகிக்கொண்டு வாவிப் பக்கம் ஓட்டமெடுத்தன. நான் குனிந்தபடியே நின்றேன். என் தலைக்குள் ஏதோ 'டக்' என்றது.

நிமிர்ந்து இன்னும் கொஞ்சத் தூரம் நடந்தேன். கடையடியில் நின்ற கறுப்பு நாய்க்கு முன்னால் போய்க் குனிந்தேன். அது ஓடியது. கோயில் வீதியில் கிடந்த கிழட்டு நாய், கண் பாதி தெரியாதது, அதற்கு முன்னால் குனிந்தேன். அதுவும் எழும்பித் தள்ளாடி ஓடியது. குட்டி போட்டிருந்த ஒன்று மட்டும் ஓடாமல் பல்லைக் காட்டிக்கொண்டு என் மேல் வந்தது. "என்னகா தொலைச்ச?" என்று வேலிக்கு மேலால் ஒருவர் கேட்டார். "ஒண்டும் தொலைக்கல்ல மாமி" என்று சொல்லிவிட்டு அடுத்த நாயைத் தேடி ஓடினேன்.

இந்த ஊரில் நாயைக் கண்டால் மனிசர் செய்கிற முதல் வேலை குனிவதுதான். கல்லெடுக்கிறோமோ இல்லையோ, குனிகிறோம். நடக்கப் பழகிய பிள்ளையே குனியும். கல் இல்லாத இடத்திலும் குனிந்து வெறுங்கையை ஓங்கினால் போதும், நாய் ஓடிவிடும். ஒழுங்கையில் பிறந்த எந்தக் குட்டிக்கும், தாய்ப்பாலுக்கு அடுத்ததாகத் தெரிகிற சங்கதி அது. எங்கள் நாய்க்கும் மதகுக் கட்டிலேயே அது தெரிந்திருக்கும். மிஸ்ஸின் ஊரில் யாரும் நாய்க்குக் கல்லெறிவதில்லை போலும், அங்கே குந்துவது மரியாதை. நான் என்ன செய்திருக்கிறேன்? கடல் கடந்து வந்த மனிசனை, தெரியாத ஆம்பிளையாக என் நாய்க்கு முன்னால் நிறுத்தி, கல்லெடுக்கிற மாதிரிக் குனியப் பழக்கியிருக்கிறேன். அதுவும் மாதக்கணக்காக, வீடியோவில் பார்த்துப் பார்த்துத் திருத்தி, இன்னும் கொஞ்சம் பதியுங்கள், கையை இன்னும் கீழே கொண்டுபோங்கள் என்று சொல்லிக்கொடுத்து.

அண்ணன் வீட்டு வாசலில் நின்று இதை என் மனிசனுக்குச் சொல்ல முடியாமல் சிரித்தேன். பாதி அழுகை. அவருக்கு விளங்க நேரமெடுத்தது. விளங்கியதும் அவரும் சிரித்தார். "அப்ப நிமிர்ந்து நிண்டா?" என்றார்.

நான் தாண்டிவிட்ட பாடம் ஒன்று இருந்தது. நாயோடு நடக்கிற பாடம். இங்கே யார் நாயைக் கூட்டிக்கொண்டு உலாத்தப் போகிறார்கள் என்று பார்க்காமல் விட்டது. புதிய ஆளும் நாயும் நேருக்கு நேர் வராமல், இடைவெளி விட்டு, ஒரே திசையில் சேர்ந்து நடக்க வேண்டும், நாளுக்கு நாள் இடைவெளி குறைய வேண்டும். அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பை வார் இரண்டை ஒட்டித் தைத்துக் கழுத்துப் பட்டியும் பிடிவாரும் செய்தேன். பின்னேரம் வாவிக்கரை ரோட்டில் இறங்கினோம். ரோட்டின் ஒரு பக்கம் நானும் நாயும். மற்றப் பக்கம் அவர், அணிவகுப்பில் போகிற பொலிஸ்காரர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி, விரித்த கைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு.

ஊர் என்ன நினைத்தது என்றால், எங்களுக்குள் முறிந்துவிட்டது என்று நினைத்தது. நினைக்கும்தானே? இத்தனை வருடத்துக்குப் பிறகு வந்த மனிசன் மனைவி வீட்டில் படுக்கவில்லை. இருவரும் பின்னேரமானால் ரோட்டுக்கு இரண்டு பக்கமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடக்கிறார்கள். நடுவில் ஒரு நாயைக் காவலுக்கு வேறு வைத்திருக்கிறார்கள். எதிர்வீட்டுக்காரி அம்மாவிடம் வந்து குரலைத் தணித்து, "ரெண்டு பேருக்கும் ஒத்துவரல்லயாம், மெய்யா?" என்று கேட்டார். "நாய்க்கு ஒத்துவரல்ல. அதுகள் ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுகள்" என்றார் அம்மா. எதிர்வீட்டுக்காரி நம்பாமல் போனார். கோயிலில் எங்கள் பெயருக்கு ஓர் அர்ச்சனை செய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் நடக்கிறவரோடு கதைப்பதென்றால் கத்தித்தான் கதைக்க வேண்டும். அவர் முதலில் வெட்கப்பட்டார். பிறகு பழகிவிட்டது.

"நான் அங்க சமைக்கப் பழகின!"

"என்ன சமைப்பீங்க?"

"பருப்பு!"

"வேற?"

"பருப்புத்தான்!"

கரையில் வலை உதறிக்கொண்டு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாயும் அவரைப் பார்த்தது, உறுமவில்லை. நான் ஓர் இறாலைக் கொடுத்தேன். அடுத்த நாள் அவர் ரோட்டின் நடுக்கோடு வரைக்கும் வந்துவிட்டார். குரலை மட்டும் குறைக்க மறந்துபோய், "உன்ட சத்தம் கேட்டாத்தான் எனக்கு அங்க நித்திரை வாற!" என்று அந்த வாவிக்கே கேட்கச் சொன்னார். வலைக்காரர் ஒருவர் இருமினார். எனக்கு முகம் சுட்டது. நாய் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி வேலியை மணந்துகொண்டு நடந்தது.

சனிக்கிழமை வந்தது. அண்ணன் உழவு மெசினைப் பெட்டியோடு கொண்டுவந்து கேற்றடியில் நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை. பெட்டிக்குள் உரப்பைகளுக்குப் பக்கத்தில் அந்தக் கயிறு கிடந்தது. ரோட்டில் பக்கத்தில் நடப்பது வேறு, வீட்டுக்குள் விடுவது வேறு. அன்றுவரை நாய் அவரைக் கேற்றுக்குள் விட்டதில்லை. நாயின் பட்டியைக் கழற்றிவிட்டேன். நான் பிடித்து வைத்திருக்க அவர் உள்ளே வந்தால், அது நாய் விட்டதாகாது. போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன். படிப்புக்கென்று இல்லை, கையில் ஏதாவது பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் போல் இருந்தது.

அவர் ஒழுங்கை வழியே நடந்து வந்தார். நிமிர்ந்து வந்தார். கேற்றைத் தன் கையால் திறந்தார். நாய் முற்றத்து மாமரத்தடியில் எழும்பி நின்றது. முதுகு மயிர் எழும்பியது. அவர் நிற்கவில்லை, அதைப் பார்க்கவும் இல்லை. முற்றத்தில் நான் போட்டிருந்த கதிரைக்கு நேரே வந்து, நாய்க்கு முதுகைக் காட்டி இருந்து, இரண்டு கைகளையும் விரித்து முழங்காலில் வைத்தார். அம்மா குசினி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நாய் வந்தது. முதலில் கதிரைக் காலை மணந்தது. பிறகு அவரின் குதிக்கால், களிசான் மடிப்பு, விரல்கள். ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், நான் ஒரு தையலைச் சரிபார்க்கிற மாதிரி. சுற்றி முன்னால் வந்தது. அவரின் முகத்தைப் பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, முகத்தை நீட்டித் தன் நாடியை அவரின் முழங்காலில் வைத்தது.

அவர் அதைத் தொடவில்லை. தொடக்கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். அப்படியே இருந்தார். இருந்து அழுதார். எயார்போட்டில் போகும்போது அழாத மனிசன், வந்து இறங்கியபோதும் அழாத மனிசன், முற்றத்துக் கதிரையில் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். நாய் ஒரு காதை நிமிர்த்திப் பார்த்தது. நாடியை எடுக்கவில்லை. அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்ப எஞ்சினைப் போட்டுக்கொண்டு, தனியாக வட்டைக்குப் போனார். அன்றைக்கு எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். நாய் அவர் காலடியில் படுத்திருந்தது.

அந்த வீடியோவையே கடைசிப் பயிற்சியாக மிஸ்ஸுக்கு அனுப்பினேன். நாய் முன்பின் காணாத ஒருவர் என்று எழுதினேன், ஒரு கிழமைக்கு முன்னால் அது பொய்யும் இல்லை. சில நாளில் பதில் வந்தது. பின்னேரம், விறாந்தையில், அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நாய் எடுத்த நேரத்தை மதித்தது நல்லது, அது தானாக வர விட்டது மிக நல்லது, என்று பாராட்டி எழுதியிருந்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். போனவள் நின்றுவிட்டேன்.

"என்ன?" என்றார்.

"பெயிலாக்கிப்போட்டா" என்றேன்.

"ஏன்? நாய் நல்லாத்தானே செய்த?"

"நாய் பாசாம். ஆள்தான் பிழையாம்." மிச்சத்தையும் வாசித்துச் சொன்னேன். இந்தப் பயிற்சிக்கு அந்நியர் ஒருவர் வேண்டும் என்று கேட்டிருந்தோம், நீங்கள் உங்கள் குடும்பத்தவர் ஒருவரை வைத்துச் செய்திருக்கிறீர்கள், அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் என்பது பார்த்தவுடனே தெரிகிறது, தயவுசெய்து வேறு ஒருவரைக் கொண்டு திரும்பச் செய்து அனுப்புங்கள்.

அவர் போனை என் கையிலிருந்து வாங்கி, தெரியாத அந்த இங்கிலீசைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைத் திருப்பித் தந்து, குடும்பத்தவர் என்று எழுதியிருந்த அந்தப் பகுதியை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.